வேலியைத் தாண்டாத சோறு

தோட்டத்தில் எவருக்காவது இரண்டு நாளுக்கு மேல் சாப்பாடு வயிற்றில் தங்காவிட்டால், தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் சீட்டு எழுத வேண்டும், ஆபீஸ் லாரி கொடுக்க வேண்டும், ஆளை அன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய விதி அது. அதைத் தூசி தட்டுவது, ஆபீஸில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணியான என் பொறுப்பு. ஒரு நாளும் தவறாமல் தட்டினேன்.

அந்த விதியை நினைத்தால் கூடவே ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் நினைவுக்கு வருகிறது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் அடுப்புப் பார்த்தவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், அதில் தண்ணீர் காய்ச்சி, நடுவெயிலில் ஆவி பறக்கத் தலையில் ஊற்றிக்கொள்வார். தோள் வெந்து சிவந்திருக்கும். "ஊத்துற வரைக்கும் வயித்தப் பிரட்டல தம்பி. நிறுத்தினா தொடங்கிருது" என்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. சிறு வயதிலிருந்தே கஞ்சா புகைத்தவர். விடிந்ததும் ஒன்று, பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்ததும் ஒன்று, அப்புறம் கணக்குக் கிடையாது. அதுதான் குடலைப் புரட்டுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கஞ்சா பசியைக் கிளப்பும் என்பதுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் அறிந்த வைத்தியம். பள்ளிப் படிப்பு முடித்த எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த நேரம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வீட்டில் உலை வைக்கத் தடை. பொதுச் சமையற்கட்டில் ஆளுக்கொரு தட்டுச் சோறு. கூட்டத்தின் வாடை தாங்காத அண்ணன், தட்டை எடுத்துக்கொண்டு புகைக்கூடத்துக்குப் பின்னால் வேலியோரம் போய் உட்காருவார். தின்றதை அங்கேயே வாந்தியெடுப்பார். நாய்கள் அதையும் மிச்சம் வைப்பதில்லை. தட்டு தினமும் காலியாகத் திரும்ப, ஆள் மட்டும் எலும்பாகிக்கொண்டே போனார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த காவல் சார்ஜனுக்கு ஒரே விடைதான் கிடைத்தது.

"சோறு எங்கய்யா போவுது?"

"வேலியத் தாண்டலைங்க. என் தொண்டையவே தாண்டல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. அன்று மாலையே அண்ணன் பெயர் விசாரணைப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் இருப்பவர் போலீஸ் அனுமதியின்றிக் கேட்டைத் தாண்டக் கூடாது. இந்த விதி எந்தச் சுவரிலும் தொங்கவில்லை. ஆனாலும் சுவரில் தொங்கியதை அது விழுங்கிவிட்டது.

டிரசர் சீட்டு எழுதினார். லாரியும் வந்து நின்றது. "ஏத்திருவோமா கிராணி? கேட்ல நிக்கிறவன் நம்ம ஆளுதான்லா" என்றார் டிரைவர். அனுமதி வரட்டும் என்றேன். மூன்று பிரதிகளில் மனு தட்டச்சு செய்தேன், ஒரு பிழை இல்லை. பிறகு இரண்டு நினைவூட்டல்கள். அவற்றிலும் பிழை இல்லை.

அண்ணனின் மனைவி ஆபீஸ் படியேறி வந்தார். "கடுதாசி எழுதினது போதும் தம்பி. பாடாங் செராய் டவுனுக்குப் போனா அந்தப் பொட்டலத்த வாங்கிட்டு வா. அதாச்சும் பசியக் குடுக்கும்" என்று அழுதார். கிராணிமாரைக் கேட்டில் சோதிப்பதில்லை. சட்டைப்பையில் வைத்து மூன்று முறை கொண்டுவந்தேன். பொட்டலத்தை அனுமதியின்றி உள்ளே கொண்டுவந்தவன், மனிதரை அனுமதியின்றி வெளியே கொண்டுபோகத் துணியவில்லை. மூன்றாவது பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "நீ இருக்கக்கண்டு பரவால்ல தம்பி" என்றார் அண்ணன். மறுநாள் தகரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். தொட்டுப் பார்த்தேன். தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது, அவரிடம் இல்லை.

இப்போது அலோர் ஸ்டாரில் என் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுகிறது. டாக்டராக இருக்கும் பேத்தியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "வெந்நீர் ஊத்தினா அடங்குச்சா தாத்தா?" என்றுதான் முதலில் கேட்டாள். "ரொம்ப வருசம் கஞ்சா இழுத்தவங்களுக்கு வர்றதுதான் அது. ட்ரிப் ஏத்தி, கஞ்சாவ நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பாரு." பொட்டலங்களைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. ஆவி மூடிய கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் குழாயை மூடிவிட்டுக் குளிர்ந்த நீரையே ஊற்றிக்கொள்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

மனுவுக்குப் பதில் வராமல் இல்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லலாம், மாலை ஆறு மணிக்குள் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. முறைப்படி அதில் 'பெறப்பட்டது' முத்திரை குத்தித் தேதி போட்டேன். அன்று அண்ணனுக்குப் பதினாறாம் நாள்.