கலுங்கின் மேல் இரண்டு வரிசை

வீடு கட்டும்போது கொத்தனார் ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டார்: "தண்ணி எம்புட்டு ஏறும்மா?" எனக்கா தெரியாது? கண்மாய்க்குக் கீழேதான் எங்கள் வயல். நிறைந்த கண்மாய் வழிந்தோடுகிற கல் கட்டு, அதுதான் கலுங்கு, அதன் மட்டம் நான் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதைவிட அரை முழம் மேலே வாசலை வையுங்கள் என்று கை காட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, கண்மாய்த் தண்ணீர் பரவுகிற உள்வாயில் பிளாட் போட்டு விற்ற மனை. ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலைக்குப் போக பஸ் வசதி. அதற்கு மேல் யோசிக்கவில்லை. புத்தி கெட்டவள்.

மறந்தது மணல் மூட்டையை. ஐப்பசியில் கலுங்கு வழியத் தொடங்கியதும் வயல்காரர்கள் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு அதன் மேலேயே இரண்டு வரிசை மூட்டை அடுக்கி, வழிகிற தண்ணீரையும் நிறுத்திவைப்பார்கள். பயிருக்குக் கடைசிப் பாய்ச்சல் அந்தத் தண்ணீர்தான். சின்ன வயதில் நானே எத்தனை சாக்குக்கு வாய் பிடித்திருக்கிறேன்!

போன வருஷம் மலையில் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. காலையில் கதவைத் திறந்தால் மேல்படி வரை தண்ணீர். வாசல் நிலையோரம் ஒரு தண்ணிப்பாம்பு, அதன் வீடு மாதிரி படுத்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரை மேலேயே கலுங்குக்கு ஓடினேன்.

அங்கே அண்ணன் குடையோடு காவல் இருந்தான். வயல்காரர்கள் கலுங்குப் பொறுப்பை அவனிடம்தான் விட்டிருந்தார்கள்.

"எடுண்ணே மூட்டைய! வீட்டுக்குள்ள தண்ணி வரப்போகுது."

"ஏட்டி, கண்மாய்க்குள்ள வீட்டக் கட்டிட்டு என்னைய எடுக்கச் சொல்லுதியா? மாசியில கதிரு பால் பிடிக்கிற நேரத்துல பயிரு காஞ்சா, மத்தவியளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அதுக்கு நான் முங்கிச் சாகணுமா?"

ஆத்திரத்தில் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அண்ணன் குடையைக் கீழே போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தான்.

"மேல் வரிசை மட்டுந்தான். கீழ இருக்கிறதத் தொட்ட, பொறவு நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மத்தியானத்துக்குள் தண்ணீர் வாசலை விட்டு இறங்கியது. நான் நிம்மதியாகச் சோறு தின்றேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மழையே இல்லை. மாசியில் கடைசிப் பாய்ச்சலுக்குத் தண்ணீர் இல்லை. என் ஜன்னலிலிருந்தே கண்மாயின் வெடித்த தரை தெரிந்தது. அறுப்பு முடிந்து, எப்போதும்போல அண்ணன் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்கினான். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுளகில் போட்டுப் புடைத்தேன். பாதிக்குப் பாதி பதர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்த ஐப்பசியில், மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்த அன்று போன் செய்தான்.

"கலுங்கு வழியப்போகுது. எத்தனை வரிசை போட? நீயே சொல்லு."

வாசல்படியைப் பார்த்தேன்.

"ரெண்டும் போடுண்ணே."

"வீடு?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டு, கட்டில் கால்களுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடிக் கொல்லைப்புறம் போனேன்.