டிக்‌ஷனரி சாரின் தாகம்

புத்தூரில் முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிடையர் ஆன கிருபானந்தத்துக்குத் தெரு வைத்த பேர் டிக்‌ஷனரி சார். அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் படுகிற பாடு மனைவி தபீதாளுக்கு மட்டுந்தான் தெரியும். அர்த்தம் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னால் மானம் போய்விடுமாம்.

யாராவது காகிதத்தை நீட்டி ஒரு வார்த்தையைக் காட்டினால், "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துவிடுவார். செல்போன் சமையலறையில், அரிசி டின் மேல். அர்த்தத்தைத் தேடி, இரண்டு முறை முணுமுணுத்துக்கொண்டு, வாயைத் துடைத்தபடி வந்து, பிறக்கும்போதே தெரிந்தவர் மாதிரி விளக்குவார். துடைக்கிற வாய் நனைந்திருக்க வேண்டுமே என்று நிஜமாகவே ஒரு சொம்பு தண்ணீரும் குடிப்பார். பொய்யிலும் அவ்வளவு நாணயம்! குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? அரைமணிக்கு ஒரு தரம் கொல்லைப்பக்கம் ஓடுவார்.

எதிர்வீட்டு ரத்தினம்மாவின் மகள் ரூபாவுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனி ஒன்றில் வேலை. அவளை வெளியூருக்கு மாற்றிய ஆர்டரைப் பற்றி அன்று புதுக் கடிதம் வந்திருந்தது. அதை ரத்தினம்மா கொண்டுவந்து நீட்டினாள். அதில் 'அபேயன்ஸ்' என்று ஒரு வார்த்தை. சார் வழக்கம்போல் எழுந்தார். ரத்தினம்மா வழிமறித்தாள்.

"சார், உங்களுக்கு சுகர். ஓயாம தண்ணி குடிச்சிக்கினு, ஓயாம பின்னால போய்க்கினு கீறீங்க. போன்ல போட்டுப் பாத்தேன், சுகர்னுதான் வருது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு போன்ல தேடத் தெரியுமாம்மா? அப்போ இந்த வார்த்தைய..."

"அதயும் பாத்துட்டேன் சார். இப்போதைக்கு நிறுத்தி வெச்சிக்கீறாங்கன்னு வருது. போன் சொன்னா இன்னா சார், நீங்க வாயால சொன்னாதான் எனக்கு வயித்துல சோறு எறங்கும்."

உண்மையைச் சொல்லிவிட வந்தவர் அப்படியே விழுங்கிவிட்டார். கண் கலங்கிப் போயிற்று.

"நிறுத்திதாம்மா வெச்சிருக்காங்க. பொண்ணு எங்கயும் போகமாட்டா," என்றார். "நீ சொன்ன மாதிரி எனக்கு சுகர்தான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. முந்திரி மிதக்கிற பாயசம். பாயசம் என்றால் உயிரை விடுகிற மனிதர். ஆனால் சேதி அதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பரிமாறுகிறவர் அவரைத் தாண்டிப் போனார். கிருபானந்தம் மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

"பாவம், சுகர் மனுஷன்," என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, தபீதாள் அவர் பங்கையும் கேட்டு வாங்கி, ஒரு முந்திரி மிச்சம் வைக்காமல் குடித்தாள்.