நீ முதல்ல போடு

"நீ முதல்ல போடுடி" என்று என் லேப் ஜோடி சொன்ன அன்றே எனக்கு உறுத்தியது. சைதாப்பேட்டையில் பஸ் ஏறும்போதுகூட எனக்கு யாரும் வழிவிட்டதில்லை. அடையாறு காலேஜில், அரை மார்க்குக்கு அடித்துக்கொள்ளும் எங்கள் வகுப்பில், ஒருத்தி தானாக ஒதுங்கி நிற்கிறாள் என்றால்?

கணினிக் கட்டமைப்புப் பாடத்தின் லேப் அது. இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரே பெரிய ஃபைலைப் படித்து விடை சொல்லும் புரோகிராமை ஆளுக்கொன்று எழுத வேண்டும். ஒரு வகுப்புக்கு ஆளுக்கு ஒரு தடவைதான் ஓட்டலாம். எவ்வளவு நேரம் ஆனது என்று லேப் உதவியாளர் பார்த்துக் குறித்துக்கொள்வார். செமஸ்டர் முடிவில் எங்கள் இருவரில் யாருடையது வேகமோ அந்த ஒருத்தியைத்தான் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் நான் மேலே படிக்கலாம். கிடைக்காவிட்டால் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார் மாமா.

என் ஜோடி மயிலாப்பூர்ப் பெண். "எங்காத்துல மத்தவாளுக்குக் கொடுத்துட்டுதான் நாங்க எடுத்துப்போம்" என்பாள். கொண்டுவரும் தயிர்சாதத்தில் பாதி எனக்குத்தான். நானும் வெட்கமில்லாமல் சாப்பிடுவேன். ஆனால் ஒவ்வொரு லேபிலும் நான் முதலில் ஓட்டுவேன், மாட்டுவண்டி வேகம். அடுத்து அவள் ஓட்டுவாள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இத்தனைக்கும் இரண்டு புரோகிராமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வயிறு எரிந்தது. சீனியர் யாராவது எழுதிக் கொடுக்கிறார்களா? நான் அந்தப் பக்கம் திரும்பும்போது எதையாவது மாற்றிவிடுகிறாளா? தண்ணீர் குடிக்கப் போவதையே நிறுத்தினேன்.

மார்க்கெட்டில் வாங்கிய காயை அடுத்த கடைத் தராசிலும் நிறுத்துப் பார்க்கிறவள் என் அம்மா. எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன்.

"சும்மா எவளும் வழி வுடமாட்டா. அதுல இன்னாமோ கீது. கண்ணு வெச்சிக்கினே இரு."

வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் தனியாக ஓட்டினேன். வழக்கம்போல இழுத்தது. உதவியாளர் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் திரையைப் பார்க்கவே இல்லை. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

அடிப்பாவி!

அந்தப் பாடத்தை நாங்கள் எல்லோரும் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருந்தோம். டிஸ்க் தூரம், மெமரி பக்கம். ஒருமுறை டிஸ்கிலிருந்து கொண்டுவந்தது மெமரியிலேயே நிற்கும், அடுத்து கேட்பவருக்கு உடனே கிடைக்கும். கடைக்குப் போய் மல்லித்தழை வாங்கி வருகிறவள் நான். அடுப்படியில் இருப்பதை எடுத்துக் கிள்ளிப் போடுகிறவள் அவள். இத்தனை நாளும் அவளுக்கு நான்தான் எடுபிடி வேலை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது அவளுக்குத் தெரியுமா? அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நிஜமாகவே வீட்டுப் பழக்கமாக இருந்தால்? தயிர்சாதம் ஒரு பக்கம் இழுத்தது, அம்மா ஒரு பக்கம்.

கடைசி மதிப்பீட்டு நாளில் பேராசிரியர் எங்கள் பின்னால் வந்து நின்றார். "நீ முதல்ல போடுடி" என்றாள் அவள், அதே சிரிப்போடு. போட்டேன். அவள் கீபோர்டை இழுத்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், ஒரு நிமிஷம். ரீஸ்டார்ட் பண்ணிட்டு அவ போடட்டும்."

"ஏம்மா?"

"நான் ஓட்டினதுல ஃபைல் மெமரிக்கு வந்திருச்சு சார். மெமரியைக் காலி பண்ணிட்டா அவளும் டிஸ்க்ல இருந்தே கொண்டுவரணும்."

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "பரவாயில்லையே, பாடத்தைப் படிச்சவங்களும் இருக்கீங்க." அவரே ரீஸ்டார்ட் செய்தார். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவளுடைய புரோகிராம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டது. இடம் எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியே வராந்தாவில் அவளுக்காகக் காத்து நின்றேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, என்ன நடந்தது என்று கேட்பாள், விளக்கிச் சொல்லிவிட்டுச் சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று நினைத்திருந்தேன். வந்தாள். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே மெல்லிய குரலில் கேட்டாள்.

"எப்போடி கண்டுபிடிச்சே?"

எதைக் கண்டுபிடித்தேன் என்று அவள் கேட்கவில்லை. ஜெயித்தவள் நான்தான், அழுகையும் எனக்குத்தான் வந்தது.

லிஃப்ட் வந்தது. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "நீ முதல்ல போ" என்றாள்.

நான் படியில் இறங்கினேன்.