இறுதி ஆட்டத்துக்கு வந்த பூட்ஸ்

எங்கள் மயிலாப்பூர் புட்பால் டீமில் குப்பத்து அந்தோணி வெறுங்காலோடுதான் ஆடுவான். அரை இறுதியில் பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சோல்ஜர்களையே அவன் கோல்தான் தோற்கடித்தது. இறுதி ஆட்டத்தன்று, பயிற்சியாளராக இருந்த வக்கீல் எல்லோருக்கும் புது பூட்ஸ் கொண்டுவந்தார்.

"இத்த மாட்டினா பந்து கால்ல படறதே தெரியல நைனா. நீ படிச்சவன், சொல்லிப் பாரேன்" என்றான் அந்தோணி. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என் பேச்சு எடுபடும் என்று நம்பி வக்கீலிடம் போனேன்.

"படிச்சவன் பேசற பேச்சாடா இது? துரைமார் பார்க்க வரா. பூட்ஸ் போட்டுண்டா ஆடட்டும், இல்லேன்னா வெளியில உக்காரட்டும்" என்றார் வக்கீல்.

அந்தோணி போட்டுக்கொண்டான். ஓடும்போதெல்லாம் தடுமாறினான். கோல் வாசலில் தனியாகக் கிடைத்த பந்தை வானத்துக்கு உதைத்தான். தோற்றோம்.

"இன்னாடா, கால்ல கல்லு கட்டிக்கினு வந்தியா?" என்று ஜனம் ஏசியது. அவன் பூட்ஸைக் கழற்றினான். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது.

வக்கீல் என்னிடம் வந்தார். "பார்த்தியோ? பூட்ஸ் வாங்கிக் கொடுத்தும் உன் ஆளுக்கு ஆடத் தெரியலை."

இப்போதும் ஆட்டம் பார்க்கப் போகிறேன். தோற்றவனை எல்லோரும் திட்டும்போது, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டவரைத் தேடுகிறேன். அவர் எப்போதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.