பால் குடித்த ஆர்க்கிட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட வீட்டில், அதைக் காட்டத்தான் வழியில்லை. மாமியார் காலமாகிவிட்டார். கணவர் காலையில் ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். மிச்சம் நானும் மாமனாரும். மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, "சாதம் ஆயிடுத்து" என்று கதவிடம் சொல்வேன். அவர் "இலை போடலாம்" என்று தூணிடம் சொல்வார். கதவும் தூணும் எங்களைவிடச் சுமுகமாக இருந்தன.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை. அது மாமனாருக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எதையுமே சொன்னதில்லை, அதுதான் சங்கடம்.

அந்தக் கோடையில் எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறினார். போகும் முன் ஒரு சின்ன மண்தொட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே கரித்துண்டுகளுக்கு நடுவில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் ஆர்க்கிட் செடி. கொடைக்கானலில் ஒரு மரக்கிளையிலிருந்து அவருடைய தங்கை எடுத்து வந்தது. மறு வருஷமே தங்கை காய்ச்சலில் போய்விட்டாளாம். தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளித்தால் போதும் என்றார். எப்படியும் உயிரோடு திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்ததா?

பின்கட்டுத் தாழ்வாரத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து, தலைக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டேன். விரலால் தெளித்தேனே தவிர ஊற்றவே இல்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் அடி இலை மஞ்சளானது. அது உதிர்ந்தது, பிறகு இன்னும் இரண்டு. ஏழு இலையில் நான்கு மிஞ்சியது. பட்டணத்து வெயில்தான் காரணம் என்று சுற்றிலும் ஈரத்துணி கட்டினேன். ஒரு மத்தியானம் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். செத்துப்போன அந்தப் பெண்ணை நான் இரண்டாம் தரம் சாகடிப்பதுபோல் இருந்தது. தண்ணீர் குடிக்க வந்த மாமனார் என்னைப் பார்த்துவிட்டு, செம்பை எடுக்காமலே திரும்பிப் போனார். உள்ளூரச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் செடி இன்னும் வேகமாகச் சரிந்தது. பள்ளி திறந்த அன்று, மூன்று இலையோடு அதைக் கூடையில் வைத்துப் பள்ளித் தோட்டக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் இலையைப் பார்க்கவில்லை. தொட்டியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா டீச்சரம்மா, புளிச்ச மோர் நாத்தம் அடிக்குது? யாரு பால் ஊத்திக்கினு கீறாங்க? மரத்து மேல குந்திக்கினு காத்தைக் குடிக்கிற செடிம்மா இது. வேரெல்லாம் அழுகிப் பூட்ச்சு பாரு."

பால் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. மாமனார் தினமும் சாளக்கிராமத்துக்குப் பால் அபிஷேகம் செய்வார். அந்தப் பாலும் ஜலமும் மனிதர் கால் படும் இடத்தில் விழக் கூடாது. அதுவரை கிணற்றடித் தென்னைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தொங்கும் தொட்டியில் யார் கால் படப்போகிறது?

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் தேடவில்லை. நேரே முன்னால் போய் நின்றேன்.

"செடிக்குப் பால் விடாதீங்கோ! அது செத்துண்டிருக்கு!"

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவர் எழுந்து நின்றார். பிறகு மெதுவாகத் தூணிடம் சொன்னார்: "செடி வாடறதேன்னு அழுதாளே. பெருமாள் தீர்த்தம், பிழைச்சுக்கும்னு நெனைச்சேன். அதான் தினம் ரெண்டு கிண்ணமா விட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

தோட்டக்காரர் சொல்லியனுப்பியபடி அன்று சாயங்காலமே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். அழுகிய வேரையெல்லாம் கத்தரித்ததில் கெட்டியாக இரண்டே வேர் நின்றது. மாமனார் எங்கிருந்தோ ஒரு மாமரப் பட்டை கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். தேங்காய் நாரால் செடியை அதில் கட்டிக் கிணற்றடி நிழலில் தொங்கவிட்டேன். பால் மறுபடி தென்னைக்குப் போயிற்று.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஆடி போய் ஆவணியில், ராத்திரி மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், மாமனார் அடுக்களை வாசலுக்கு வந்தார். தூணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அம்மா, சித்த வா. பச்சையா என்னமோ எட்டிப் பாக்கறது."

ஓடினேன். முளைகட்டிய பயறு மாதிரி ஒரு புது வேர், நுனி பச்சையாக, பட்டையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்ததுகூட உறைக்கவில்லை.

தலைமையாசிரியை திரும்பியபோது செடிக்கு ஐந்து இலை. பட்டையோடு கொடுத்து, பால் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தங்கை இருந்தவரை, குடித்து மிஞ்சிய டீயை இதன் தலையில்தான் ஊற்றுவாளாம்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஒப்படைச்சாச்சா? என்ன சொன்னா?" என்றார். டீ விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். இலை போடும் நேரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது, கதவுக்குப் பின்னால் போய் நிற்க நான் மறந்துவிட்டிருந்தேன்.