நடுவர் கொடுத்த மிட்டாய்

ஒடுகத்தூரில் நடந்த மாணவர் கட்டுரைப் போட்டிக்கு அவர்தான் நடுவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதட்டத் தெரியாத குரல். எந்தப் பிள்ளையிடமும் பெயருக்கு முன்னால் ஊரைக் கேட்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் கொடுப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

தலைப்பு, 'ஆளைப் பார்த்து எடை போடாதே'. ஜவ்வாது மலையிலிருந்து நான் அழைத்துப்போன மாணவி தன் அப்பாவைப் பற்றி எழுதினாள். ஆந்திரா போகும் பேருந்தில் ஏறிய போலீஸ்காரர் மலைக்காரர்களை மட்டும் கையைக் காட்டச் சொன்னாராம். சாமை அறுத்துக் காய்த்த கையைப் பார்த்து, செம்மரம் வெட்டுகிறவன் என்று அப்பாவை இறக்கிக்கொண்டு போனாராம்.

நடுவர் அதை இரண்டு முறை படித்தார்.

"எந்த ஊரும்மா?"

"மலைங்க சார்."

"மலைப் புள்ளைங்களுக்கு இப்டி எழுத வராதே. கையில இன்னா எழுதியாந்த? காட்டும்மா."

அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். ஒன்றும் இல்லை.

"நான்தாங்க சார் எழுதுனேன்."

"இருக்கட்டும். அடுத்த வாட்டி சொந்தமா எழுது, சரியா?" என்று பரிவாகச் சொன்னவர், கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டு மிட்டாயை எடுத்தார்.

அதை வாங்க அவள் மறுபடியும் கையை நீட்ட வேண்டியிருந்தது.