மூன்றாம் தொட்டியில் ஒரு செவிடு

எங்கள் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் தாய் இறால்கள் இருக்கும் அறை பகலிலும் இருட்டுத்தான். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தறப்பாள் அடித்திருக்கிறோம். தொட்டிக்கு மேல் டோர்ச் அடித்தால் முதலில் தெரிவது கண்கள். தணல் போலச் சிவந்து, தாய்க்கு ஒன்று வீதம். மற்றக் கண்ணை எடுத்தது நான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இறாலின் கண் காம்பில் ஒரு ஓமோன் சுரக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வேன். அது இரத்தத்தோடு போய்ச் சூலகத்துக் கலங்களின் வாசலில் தட்டும்; உள்ளே நுழையாது. அந்தத் தட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை சூலகம் முட்டையை வளர்க்காது. ஒரு காம்பைச் சூடான இடுக்கியால் நசுக்கிவிட்டால் தட்டுவது குறையும். சில நாளில் முதுகு நெடுகப் பச்சைக் கோடாகச் சினை தெரியும்.

கண் போயும் கோடு வராதவை உண்டு. தடுப்பு நீங்கியதே கேட்கவில்லை என்று அவற்றைச் ‘செவிடு’ என்போம். செவிடு கறிக்குப் போகும்.

இந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையில் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. நாற்பத்தொரு வயதில் முதல் பிள்ளை என்று நானும் என் மாப்பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாமலே நம்பியிருந்தோம். புத்தளத்தில் டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

“பிள்ளை இல்ல. மூளையிலயிருந்து வார ஓமோன் மிச்சம் கூடியிருக்குது. அது கத்துது, சூலகத்துக்குக் கேக்குதில்ல.”

“ஊசி போட்டு இன்னும் கூட்டினா, டொக்டர்?”

“எவ்வளவு கத்தினாலும் வாசலைத் திறக்க உள்ளுக்கு ஆள் இருக்கணுமே. முட்டை முடிஞ்சு போச்சு.”

குளிசை எழுதித் தந்தார். எலும்புக்காம், பிள்ளைக்கு இல்லையாம். குளிசையில் இருப்பது வேறு வகை ஓமோன், வாசலில் நிற்காது, கலத்தின் சுவரைக் கடந்து கரு வரைக்கும் போகும் என்றார். கலத்தின் நடுவுக்கும் கரு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சொல் என் மடியில் இருந்தது.

மறுநாள் காலை, என்னோடு வேலை செய்கிறவள் இருட்டறை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ராத்தா, மூணாம் தொட்டியில ஒரு செவிடு. மாப்பிள்ளைக்கு ஆணம் ஆக்கிக் குடுங்களன், நல்ல பெரிசு!”

டோர்ச் அடித்தேன். முதுகில் கோடு இல்லை. கண் மட்டும் எரிந்தது.

“இருக்கட்டும். இன்னும் ஒரு கிழமை பாப்பம்.”

“செவிட்டுக்குத் தீன் போடாதீங்க எண்டு எங்களுக்கு ஏசுற ஆள் நீங்கதானே?” என்று சிரித்தாள்.

டோர்ச்சை அணைத்தேன். இறால் கண்ணுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அணைத்தால் தெரியக்கூடாது. தெரிந்தது.

கிழமை முடிந்தது, கோடு வரவில்லை. இன்னும் ஒரு கிழமை என்றேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீன் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு என் முன்னால் யாரும் ‘செவிடு’ என்று சொல்வதில்லை. மூன்றாம் தொட்டியைக் கடக்கும்போது நான் டோர்ச்சைத் தரையை நோக்கிப் பிடிக்கிறேன்.